ஒரு டிஸ்க்கை உருவினாலும் ஒரு படமும் போகாது, தெரியுமா?

நான்கு ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியிலிருந்து ஒன்றை உருவி எடுத்தால் கால்வாசிப் படங்கள் காணாமல் போகும் என்றுதானே நினைப்பீர்கள்? ஒன்றுகூடப் போகாது! அந்தப் பெட்டியிலிருந்து டி.வி.யில் ஓடிக்கொண்டிருக்கும் கல்யாண வீடியோகூட நிற்காது. பெட்டி மட்டும் ‘பீப் பீப்’ என்று கத்தும். பச்சை விளக்கு ஆரஞ்சுக்கு மாறும். காலியான இடத்தில் மூன்று மடங்கு பெரிய புது டிஸ்க்கைச் செருகி, திரையில் ‘ரிப்பேர்’ என்பதை அழுத்திவிடுங்கள். மீதி மூன்று டிஸ்க்கும் சேர்ந்து, போன டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்து, புது டிஸ்க்கில் எழுதிக் கொடுத்துவிடும். இதையே நான்கு முறை செய்தால் பெட்டிக்குள் பழைய டிஸ்க் ஒன்றுகூட இருக்காது. படங்கள் எல்லாம் அப்படியே இருக்கும், இடம் மட்டும் மூன்று மடங்காகியிருக்கும். இத்தனைக்கும் நடுவே பெட்டியை ஒரு தடவைகூட அணைக்க வேண்டியதில்லை!

ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் லேப்டாப்களுக்கும் டி.வி.க்கும் பொதுவான சேமிப்பு அறையாக இருக்கும் இந்தப் பெட்டிக்கு ‘நாஸ்’ என்று பெயர். அதன் டிஸ்க்குகளைப் பெரிதாக மாற்றுவது ஏதோ மெக்கானிக் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு சாதாரண வீட்டில் பார்க்கக் கிடைக்கும் மிகப் பெரிய பொறியியல் அதிசயமே அதுதான்.

அந்த அதிசயத்தின் ரகசியம் ஒன்றாம் வகுப்புக் கணக்கு என்பது தெரியுமா? மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒன்றுகள் இருக்கின்றன, அது இரட்டைப்படை. எனவே நான்காவது டிஸ்க்கில் 0 எழுதப்படும். ஒற்றைப்படையாக இருந்திருந்தால் 1 எழுதப்பட்டிருக்கும். நான்கையும் சேர்த்தால் ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரவேண்டும், அவ்வளவுதான் விதி. இப்போது நடு டிஸ்க்கை உருவிவிடுங்கள். மிச்சம் 1, 1, 0. ஒன்றுகள் ஏற்கெனவே இரட்டைப்படை. அப்படியானால் போனது 0 ஆகத்தான் இருக்க முடியும்! இந்தச் சின்ன விதிதான் ‘பேரிட்டி’. இதை லட்சம் கோடிக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்வதுதான் ரீபில்ட். அந்த விடை எண்களை ஒரே டிஸ்க்கில் குவிக்காமல் நான்கிலும் மாற்றி மாற்றி வைப்பது ‘ரெய்டு 5’.

1988இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெருங்கணினிகளில் இருந்த விலையுயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டமாகச் சேர்த்தால் வேகமும் கிடைக்கும், ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும் என்பதே அவர்கள் வாதம். பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்த யோசனை இன்று நம் வீட்டு அலமாரியில் ஓடுகிறது!

இனி பலரை ஏமாற வைக்கும் ஒரு கணக்கு. 4 டெராபைட் டிஸ்க் நான்கு இருக்கும் பெட்டி. பேரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு இடம் போக, நமக்குக் கிடைப்பது 12 டெராபைட். அதில் ஒன்றை எடுத்துவிட்டு 12 டெராபைட் டிஸ்க் போடுகிறீர்கள். எவ்வளவு இடம் கூடும் தெரியுமா? பூஜ்யம்! ஒரு பைட்கூடக் கூடாது. பெரிய டிஸ்க்கில் கூடுதலாக இருக்கும் 8 டெராபைட்டுக்குத் துணையாக மற்றவற்றில் இடம் இல்லையே, பாதுகாப்பு எங்கிருந்து வரும்? அதனால் பெட்டி அதைத் தொடாமல் வைத்துக் காத்திருக்கும். வழக்கமான ரெய்டு 5 என்றால் நான்கையும் மாற்றி முடித்த பிறகுதான் மொத்தமும் ஒரே மூச்சில் 36 டெராபைட்டாக விரியும். சைனாலஜி பெட்டிகளில் உள்ள ‘எஸ்.எச்.ஆர்.’ போன்ற கலப்பு முறைகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. இரண்டாவது டிஸ்க் மாறியதுமே 20, மூன்றாவதில் 28, நான்காவதில் 36 என்று படிப்படியாக ஏறும். எல்லா டிஸ்க்கையும் கூட்டி, அதில் ஆகப் பெரிய ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உங்கள் இடம். டிஸ்க் வாங்கும் முன் காகிதத்தில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பெரிய டிஸ்க்கை வாங்கி மாட்டிவிட்டு, இடம் கூடவில்லையே என்று பதறும் நிலை வராது.

சரி, 12 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் திரை 10.91 என்றுதான் காட்டும். ஏமாற்று வேலையா? இல்லவே இல்லை! தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். மென்பொருள் 1,024 ஆல் எண்ணுகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, டெரா வருவதற்குள் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் குறைந்து தெரிகிறது.

இந்த டெராபைட்டுகள் எங்கிருந்து புறப்பட்டு வந்தன தெரியுமா? 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் உருவாக்கிய ‘350’ என்ற டிஸ்க் யூனிட்தான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள், அதாவது சுமார் 3.75 மெகாபைட். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும்! அது இணைந்திருந்த ‘ராமாக் 305’ கணினிக்கு மாத வாடகை 3,200 டாலர். இன்று கையில் அடங்கும் 20 டெராபைட் டிஸ்க் ஒன்றில் அதைவிட 50 லட்சம் மடங்குக்கு மேல் இடம் இருக்கிறது.

அந்தக் கையடக்க டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இன்னும் மூச்சு முட்டும். தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதன் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அதற்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதக்கிறது படிக்கும் முனை. சிகரெட் புகையின் ஒரு துகள் அந்த இடைவெளிக்குள் நுழைய முடியாது! இவ்வளவு நுண்ணிய காந்தப் புள்ளிகளைப் படிக்கும் வழி திறந்ததும் ரெய்டு கட்டுரை வந்த அதே 1988இல்தான். பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்த ‘மாபெரும் காந்தத்தடை’ விளைவு, 1997இல் ஐ.பி.எம். டிஸ்க்குகளுக்குள் வந்தது. 2007இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரிய டிஸ்க்குகளுக்குள் காற்றே இல்லை, ஹீலியம்தான் இருக்கிறது தெரியுமா? காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான் ஹீலியத்துக்கு. தட்டுகள் குறைந்த அதிர்வோடு சுழலும், மோட்டாருக்கு மின்சாரமும் குறையும். அதனால் தட்டுகளை மெல்லியதாக்கி நெருக்கி அடுக்கலாம். 2013இல் எச்.ஜி.எஸ்.டி. நிறுவனம் ஏழு தட்டுகளோடு 6 டெராபைட் ஹீலியம் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அணு அளவில் மிகச் சிறிய வாயுக்களில் ஒன்று ஹீலியம், எந்த ரப்பர் சீலிலும் கசிந்து ஓடிவிடும். அதனால் மூடியையே வெல்டிங் செய்து அடைக்கிறார்கள்! பல ஹீலியம் டிஸ்க்குகள் உள்ளே எவ்வளவு ஹீலியம் மிச்சம் என்பதைத் தாங்களே அளந்து சொல்லும். டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கையான ‘ஸ்மார்ட்’ பட்டியலில் 22ஆம் எண் வரியைப் பாருங்கள், அது 100 என்று நிற்க வேண்டும். இதற்கும் அடுத்த கட்டமாக, 2024இல் சீகேட் அறிமுகப்படுத்திய 30 டெராபைட் டிஸ்க்குகள் எழுதும் புள்ளியை லேசரால் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு கணம் சூடாக்குகின்றன. அந்தக் கணம் நானோ விநாடிக் கணக்கில் முடிந்து, புள்ளி மறுபடி குளிர்ந்தும் விடுகிறது!

தட்டுகள் கூடியதால் வெளியே ஒரு சின்ன மாற்றம் நடந்தது. அதைக் கடைக்காரர்கள்கூடச் சொல்வதில்லை. பழைய டிஸ்க்கின் பக்கவாட்டில் மூன்று திருகு ஓட்டைகள் வரிசையாக இருக்கும். பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் நடு ஓட்டை காணாமல் போய்விட்டது! உள்ளே தட்டுகள் அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டதால் திருகுக்கு இடமில்லை. டிரேயில் நடு ஓட்டையை நம்பித் திருகு போடும் பழைய பெட்டி என்றால் புது டிஸ்க் ஒழுங்காக உட்காராது. வாங்கும் முன் டிரேயைக் கையில் எடுத்து ஓட்டைகள் எங்கே என்று பார்த்துவிடுங்கள்.

மின் இணைப்பிலும் ஒரு புதிர் உண்டு. யு.எஸ்.பி. டிஸ்க்கின் உறையை உடைத்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்து மாட்டுபவர்கள் சிலருக்கு அது சுற்றவே சுற்றாது. செத்த டிஸ்க் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்! சாட்டா மின் இணைப்பின் மூன்றாவது முள்ளில் பழைய முறைப்படி 3.3 வோல்ட் வந்தால், புதிய டிஸ்க் அதை ‘அணைந்திரு’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. தூரத்திலிருந்தே டிஸ்க்கை அணைத்து எழுப்ப டேட்டா சென்டர்களுக்காகச் சேர்த்த வசதி அது. அந்த ஒரு முள்ளின் மேல் துளி கேப்டான் டேப் ஒட்டினால் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும். பெரும்பாலான நாஸ் பெட்டிகள் அந்த முள்ளுக்கு மின்சாரமே கொடுப்பதில்லை, அதனால் பெட்டிக்குள் இந்தச் சிக்கல் அதிகம் எழுவதில்லை.

அதே இணைப்பை உற்றுப் பாருங்கள், தங்க நிற முட்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. சில கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்கும். டிஸ்க் உள்ளே தள்ளப்படும்போது எர்த் முதலில் தொட வேண்டும், மின்சாரம் அப்புறம்தான் வர வேண்டும் என்பதற்காக! மின்சாரம் ஓடும்போதே டிஸ்க்கை மாற்ற முடிவது இந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வித்தியாசத்தால்தான். பெட்டியை ஆன் செய்யும்போது டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும் சத்தத்தையும் கேட்டிருப்பீர்கள். சுற்றத் தொடங்கும் நொடியில் ஒவ்வொன்றும் நிறைய மின்சாரம் இழுக்கும், எல்லாம் சேர்ந்து இழுத்தால் அடாப்டர் தாங்காது, அதற்காகத்தான் அந்த வரிசை.

இப்போது இந்த வேலையிலேயே மிக முக்கியமான எச்சரிக்கை. ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஒரே விலை, ஆனால் எழுதும் முறை வேறு என்று இரண்டு வகை டிஸ்க் சந்தையில் உண்டு தெரியுமா? ‘சி.எம்.ஆர்.’ டிஸ்க்கில் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். ‘எஸ்.எம்.ஆர்.’ டிஸ்க்கில் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். இடம் மிச்சம்தான். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதன் மேல் படிந்த அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். சும்மா படம் போட்டு வைக்க அது போதும். ரீபில்ட் என்றால் மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுத்து வேலை, அங்கே இது திணறிவிடும்! 2020 ஏப்ரலில், நாஸ் பெட்டிக்கென்றே விற்கப்பட்ட ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. அதுவரை டிஸ்க் வந்த அட்டைப் பெட்டியின் மேல் அது எழுதப்படவே இல்லை. ஒரு தொழில்நுட்பத் தளத்தின் சோதனையில், சி.எம்.ஆர். டிஸ்க் ஒரு நாளுக்குள் முடித்த ரீபில்டை எஸ்.எம்.ஆர். டிஸ்க் முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆனது. கொதித்தெழுந்த பயனர்களால்தான் ‘ரெட் பிளஸ்’ என்று சி.எம்.ஆர். வகை தனிப் பெயரில் வந்தது, மற்ற நிறுவனங்களும் எது எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டன. மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் தேடிப் பார்க்காமல் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

டிஸ்க்கைத் திட்டினால் அது மெதுவாகும் தெரியுமா? 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் டிஸ்க் வரிசைக்கு எதிரே நின்று ஓங்கிக் கத்தினார். திரையிலிருந்த வரைபடத்தில், அவர் கத்திய அதே விநாடியில் டிஸ்க்கின் தாமதம் விர்ரென்று எகிறியது! ஜேனட் ஜாக்சனின் ‘ரிதம் நேஷன்’ பாட்டு ஓடினால் சில பழைய லேப்டாப்கள் நின்றுபோன கதையை மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022இல் எழுதினார். பாட்டின் ஒரு சுருதி அந்த 5,400 சுற்று டிஸ்க்கின் இயல்பு அதிர்வோடு ஒத்துப்போனதாம். பக்கத்து லேப்டாப்பில் பாட்டு ஓடினாலும் இது நிற்குமாம்! நான்கு டிஸ்க் ஒரே கூட்டில் சுழலும்போது ஒன்றின் நடுக்கம் மற்றதைத் தாக்கும். அதனால் நாஸ் டிஸ்க்குகள் அதிர்வைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன, பலவற்றில் அதிர்வை உணரும் சென்சாரும் உண்டு. உங்கள் பெட்டியை ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள் என்பது சும்மா சொல்லும் அறிவுரை இல்லை.

நாஸ் டிஸ்க்குக்கு இன்னொரு வினோத குணம், அது சீக்கிரம் கைவிடும்! சாதாரண டிஸ்க் ஒரு கெட்டுப்போன இடத்தைப் படிக்க முடியாவிட்டால் நிமிடக்கணக்கில்கூடப் போராடும். நாஸ் டிஸ்க் ஏழு விநாடியில் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடும். ஏனென்றால் விடை மற்ற டிஸ்க்குகளின் பேரிட்டியில் இருக்கிறது. அடம்பிடித்து மௌனமாக இருந்தால், டிஸ்க்கே செத்துவிட்டது என்று பெட்டி அதை வெளியேற்றிவிடும் ஆபத்து உண்டு.

ஆபத்து என்றால், மாற்றும் வேலையிலேயே நெஞ்சு படபடக்கும் நேரம் ரீபில்ட் ஓடும் நேரம்தான். விநாடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தாலும் ஒரு 4 டெராபைட்டை நிரப்ப ஏழரை மணி நேரம். அத்தனை நேரமும் மீதி மூன்று கிழட்டு டிஸ்க்குகள் ஆதி முதல் அந்தம் வரை படிக்கப்படுகின்றன, மொத்தம் 12 டெராபைட். பல சாதாரண டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில் பத்தின் 14ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று இருக்கும். அதை டெராபைட்டில் சொன்னால் எவ்வளவு தெரியுமா? 12.5! உண்மையில் பெரும்பாலான டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் அந்த இரண்டு எண்களும் இத்தனை பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், பேக்கப் எடுக்காமல் டிஸ்க்கை உருவக் கை வராது.

எனவே மாற்றும் முன் ‘டேட்டா ஸ்க்ரப்’ ஓட்டி எல்லா டிஸ்க்கும் முழுதாகப் படிக்கப்படுகிறதா என்று பார்த்துவிடுங்கள். 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதற்குக் கைகொடுக்கிறது. இத்தகைய முழு வாசிப்பில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை காட்டாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு! அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. பச்சை விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. பெட்டியில் டிஸ்க் செருகும் இடம் ஒன்று காலியாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். சில பெட்டிகளில் பழைய டிஸ்க்கை உருவாமலேயே புதியதை அங்கே செருகி நகல் எடுத்துவிட்டு, பிறகு பழையதைக் கழற்றலாம், பாதுகாப்பு ஒரு கணமும் குறையாது. கரண்ட் போகும் ஊரில் யு.பி.எஸ். கட்டாயம். யு.எஸ்.பி. ஒயரால் இணைத்தால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துவிடும்.

நான்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். காரணம் கேட்டால் வியப்பீர்கள். 2019இல் எச்.பி.இ. நிறுவனம் தன் சில எஸ்.எஸ்.டி.களில் ஒரு ஃபர்ம்வேர் பிழையை அறிவித்தது. 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், அவை அப்படியே செத்துவிடும்! ஒரே நாளில் மாட்டியவை ஒரே மணியில் போகும். அங்கே பேரிட்டி என்ன செய்யும்?

எத்தனை பேரிட்டி இருந்தாலும் அது பேக்கப் ஆகாது. நீங்கள் தெரியாமல் அழித்தால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து மிக விசுவாசமாக அழித்துவிடும். 1998இல் பிக்ஸார் ஸ்டூடியோவில் யாரோ தந்த ஒரே கட்டளையில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் மளமளவென்று மறைந்தன. பேக்கப்பைத் திறந்தால் அது ஒழுங்காக வேலை செய்யவே இல்லை! படத்தைக் காப்பாற்றியது எது தெரியுமா? கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியிலிருந்த நகல். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற கணக்கைப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பினார்.

அந்த மூன்றாவது நகலுக்கு டிஸ்க் தனியாக வாங்க வேண்டாம், கழற்றிய நான்கும் கையில்தானே இருக்கின்றன! ‘ஸ்மார்ட்’ அறிக்கை சுத்தமாக உள்ள ஒன்றை யு.எஸ்.பி. டாக்கில் போட்டு, திரும்பக் கிடைக்காத படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்து, வேறு ஊரிலுள்ள தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்து வைக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சுற்றவிட்டுப் பார்த்தால் போதும். மீதி மூன்றை விற்பதானால் வெறும் குவிக் ஃபார்மேட் அடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அது பெயர்ப்பட்டியலைத்தான் அழிக்கும், படங்களில் பெரும்பாலானவை தட்டிலேயே கிடக்கும். முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை பூஜ்யம் எழுதும் முழு அழிப்பைத் தேர்ந்தெடுங்கள். 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டால் காலையில் விற்கத் தயாராக இருக்கும்.